அரைக் கட்டை

துணி வாங்க வந்த வெளிநாட்டு பையரோடு வந்த ஒருவன் மறந்துவிட்டுப் போன சிடியால்தான் எனக்கு டிரம் அண்ட் பேஸ் இசைப் பைத்தியம் பிடித்தது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருந்தேன். நிமிடத்துக்கு நூற்று எழுபத்து நான்கு தட்டு விழும் தடதட டிரம், அதற்கடியில் வயிற்றைக் கலக்கும் பேஸ். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதன்மேல் ஏற்றப் பழகினேன். வேகம் பிடிபட்டது. சுருதிதான் தண்ணி காட்டியது. சுருதி சேராத இரண்டு பாட்டை ஒன்றாக ஓடவிட்டால் நாராசம். அதைக் கண்டுபிடிக்கும் காது எனக்கு இல்லை.

அவளுக்கு இருந்தது. அதே கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங்கில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு. டீ டைமில் என் ஹெட்ஃபோனை மாட்டியவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னுங்க இது, பாட்டுங்களா, ஓவர்லாக் தையல் மிசினுங்களா?"

ஆனாலும் கேட்டுச் சொன்னாள். சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வாள். "இது அஞ்சு கட்டைங்க. இது அஞ்சரை." சிடி கவரில் அவளே எழுதியும் கொடுப்பாள். புதுப் பாட்டு இல்லாத நாட்களிலும் ஏதாவது ஒரு சிடியோடு அவள் டேபிளுக்குப் போய் நிற்பேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஸ்பீக்கர் கட்டுவார்கள். மேனேஜரை நச்சரித்துப் பத்து நிமிடம் வாங்கினேன். அஞ்சு கட்டை என்று அவள் எழுதிக்கொடுத்த இரண்டு பாட்டை எடுத்துக்கொண்டேன். "மிக்ஸ் நல்லா வந்துச்சுன்னா உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க" என்று முதல் நாளே அவளிடம் சொல்லி வைத்தேன். வராவிட்டால் சொல்வதில்லை என்று எனக்குள் ஒரு கிறுக்குத்தனமான பந்தயம்.

முதல் பாட்டுக்கே கட்டிங் மாஸ்டர் பொரிப் பொட்டலத்தோடு ஆட ஆரம்பித்துவிட்டார். இரண்டாவதை ஏற்றினேன். நூற்று அறுபத்தைந்தில் ஓடும் பாட்டு அது. நூற்று எழுபத்து நான்குக்கு வேகம் கூட்டியிருந்தேன். டிரம் இரண்டும் கச்சிதமாகச் சேர்ந்தன. பேஸ் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. வீட்டில் உறைக்காதது அந்தப் பெரிய ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. கூட்டம் விசிலடித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சொன்ன கட்டை தப்பில்லீங்க" என்றாள், பிறகு வந்து. "வேகத்தை ஏத்துனா சுருதியும் அரைக் கட்டை ஏறிக்குமுங்க. துணிய நீளத்துக்கு இழுத்தா அகலம் கொறையும்னு டெய்லி ரிப்போர்ட் எழுதறீங்க, இது தெரியலீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அசடு வழிந்தேன். சொல்ல வைத்திருந்ததை விழுங்கிவிட்டேன். அப்புறம் வெட்கத்தில் இரண்டு மாதம் அவள் டேபிள் பக்கமே போகவில்லை. எவ்வளவு பெரிய மடையன் நான்!

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், அவள் கையெழுத்தில் 'அஞ்சரை' என்றிருந்த பழைய கவர் ஒன்று கண்ணில் பட்டது. அதிலிருந்த பாட்டின் வேகமும் நூற்று எழுபத்து நான்கேதான். பூஜையன்று வேகம் கூட்டிய பாட்டை அதன்மேல் ஏற்றிப் பார்த்தேன். மறுநாளே அதைப் பதிந்த சிடியோடு அவள் டேபிளில் போய் நின்றேன்.

கண்ணை மூடி முழுவதும் கேட்டாள். "இப்ப சேந்துருச்சுங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயைத் திறப்பதற்குள் அவள் கைப்பையிலிருந்து தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள்.

"கண்டிப்பா வரோணுங்க." கைப்பையை மூடிக்கொண்டே, "அன்னிக்கு என்னமோ சொல்லோணும்னீங்களே, என்னுங்க அது?" என்றாள்.

"மறந்துபோச்சுங்க" என்றேன்.

வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பூட்டிவைக்க இப்போது சாஃப்ட்வேரில் ஒரு பட்டன் வந்துவிட்டது. எனக்குத்தான் அப்படி ஒன்று கிடையாது. பொய் சொன்னால் என் குரல் அரைக் கட்டை ஏறிவிடும். அந்தக் காதுக்கு அது கேட்காமலா இருந்திருக்கும்?