அம்மாவும் ஒரு மொட்டைக் கடிதமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த எங்கள் அம்மா, இளவயதிலேயே தகப்பனை இழந்தவர்கள். டைப்ரைட்டிங் படித்து, இராஜபாளையத்தில் ஒரு நூல் மில் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அதுவரை அங்கே எல்லாம் கையால் எழுதுவதுதான். எழுத்தைப் பார்த்தே எழுதிய ஆளைச் சொல்லிவிடுவார்கள். மிஷின் வந்ததும் வேலை விரைந்தது, கூடவே சந்தேகமும் வந்தது. யார் அடித்த கடிதம் என்று எப்படிச் சொல்வது? அம்மாவோ யாரையும் எளிதில் நம்பமாட்டார்கள். எதை அடித்தாலும் அடியில் கார்பன் வைத்து நகல் எடுத்துக்கொள்வார்கள். "பேசினவுக நாளைக்கு இல்லைம்பாக, தாளு மாத்திப் பேசாது" என்பார்கள். நான் அவர்கள் மகள். கடைப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

ஒரு நாள் முதலாளிக்கு மொட்டைக் கடிதம் ஒன்று போனது. பெண்களுக்குக் கழிப்பறை கட்ட ஒதுக்கிய இடத்தில் மேனேஜர் தன் காருக்குக் கொட்டகை போட்டுவிட்டார் என்று டைப் அடித்திருந்தது. மில்லில் டைப் படித்தவர்கள் அம்மா மட்டும்தான். முதலாளி அம்மாவைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி விசாரித்தார். அப்பா அப்போது படுத்த படுக்கை. அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பெரியாது.

"முதலாளி, தாளத் திருப்பித் தடவிப் பாருங்க. முற்றுப்புள்ளி வச்ச எடமெல்லாம் ஓட்ட. பழகின கை இப்படிக் குத்துமா? ரெண்டு வெரலால அடிச்சிருக்காக."

அலுவலகத்தில் இரண்டு விரலால் அடிப்பவர் மேனேஜர் ஒருவர்தான். அம்மா சாப்பிடப் போன நேரம் பார்த்து, சொந்தக் கடிதங்களைக் குத்திக்கொண்டிருப்பார். தன் மேலேயே புகார் எழுதுவாரா மனிதர்? முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, நீ போம்மா. மேனேஜரே, மொதல்ல அந்தக் கொட்டகையப் பிரிங்க."

அந்த மாதமே கழிப்பறை எழும்பியது. எழுதியது யார் என்று அம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "ஏட்டி, ஒனக்கெதுக்கு அந்தச் சோலி?" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

அம்மாவின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த சித்திக்கும், செட்டியார்பட்டி மாமாவுக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடக்கம் முடிந்த மறுவாரம் பீரோவைத் திறந்தேன். பைபிளுக்கு அடியில் ஒரு கார்பன் நகல். அதே மொட்டைக் கடிதம். புள்ளிகளெல்லாம் அழுந்தப் பதிந்திருந்தன. பத்து விரலும் பழகிய அம்மா, இரண்டு விரலால் அடித்திருக்கிறார்கள். அப்போதும் நகல் எடுக்கும் பழக்கம் விடவில்லை.

இனி எந்த முதலாளியும் அம்மாவை வேலையை விட்டு நிறுத்த முடியாது. ஆகவே, அடக்கத்தன்று பூமாலையோடு வந்து அழுத மில் அக்காமாரே, உங்களுக்கு நன்றியோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: அதை எழுதியது எங்கள் அம்மாதான்.