மூடியை எப்போது திறப்பது

கரியக்கா என்று சொன்னால்தான் அந்த ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் அவளைத் தெரியும். தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் மரத்தூளையும் சீவலையும் மூட்டை மூட்டையாக வாங்கிவந்து, காற்றுப் புகாத உலையில் ஐந்நூறு டிகிரியில், சாயக் கழிவுநீரைத் தெளியவைக்கும் கரியாக்குவது பதினோரு வருடமாக அவள் வேலை. வாய் கொஞ்சம் காரம். வேலையில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

உலை முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும் என்பது விதி. ஒருநாள், பள்ளியில் மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த பதற்றத்தில், முந்நூறு டிகிரியிலேயே மூடியை ஒரு விரல் அளவு தூக்கிவிட்டு ஓடினாள். திரும்பி வந்து அந்தக் கரியைச் சாய நீரில் போட்டால், நீலம் போன இடம் தெரியவில்லை! அகச்சிவப்புக் கருவியில் வைத்துப் பார்த்தாள். வரைகோட்டில் புதிதாக ஒரு பள்ளம். சூட்டோடு புகுந்த காற்று கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜனை ஒட்டவைத்திருந்தது. சாயத்தைப் பிடித்து இழுப்பது அதுதான். பத்துத் தடவை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு ஆய்வுத் தலைவரிடம் சொன்னாள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"சரி சரி, இதே மாதிரி இன்னும் ரெண்டு கிலோ போடுங்க."

அந்தக் கரியைப் பற்றித் தலைவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கேஸ் சிலிண்டர் இறக்கியவருக்குக்கூட அதில் நன்றி இருந்தது, அவளுக்கு இல்லை. எல்லோரும் இருக்கும்போதே தலைவரிடம் கேட்டாள்.

"கரி கிண்டறவங்களுக்கெல்லாம் பேர் போட்டா, கூட்டிப் பெருக்கறவங்களுக்கும் போடணுமேம்மா!"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கட்டுரையை வாங்கி எழுத்து விடாமல் படித்தாள். 'உலை முழுவதும் ஆறிய பின் மூடி திறக்கப்பட்டது' என்றிருந்தது. மனுஷன் காதில் ஒன்றுமே ஏறியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு நிம்மதியாக இறங்கியது. இருடா, உனக்கு ஒரு நாள் வைக்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. இந்தச் செய்முறையை வாங்குவதற்காகத் துணிச்சாய ஆலையிலிருந்து நான்கு பேர் நேரில் பார்க்க வந்தார்கள். அவள் உலையை நன்றாக ஆறவிட்டுத் திறந்தாள். கரியைப் போட்ட பிறகும் சாய நீர் அதே நீலத்தில் நின்றது.

தலைவர் வேர்த்துக் கொட்ட அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். "என்னம்மா இது? வழக்கமா செய்யறதைச் செய்யுங்க. அடுத்த கட்டுரையில உங்க பேரைப் போட்டுடறேன்."

"அதை உள்ள வந்து அவங்க முன்னாடி சொல்லுங்க சார். உடனே செஞ்சு காட்டறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனவர், தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார். "என் மேல தப்பில்லைங்க. ஆரம்பத்துலேருந்து எல்லாக் கரியும் போட்டது இவங்கதான்."

"ஆமாங்க, எல்லாமே நான்தான்" என்றாள் கரியக்கா. "இன்னிக்கு மட்டும் சார் எழுதினபடி, ஒரு வரி மாறாம செஞ்சேன்." கட்டுரையை நீட்டினாள்.

ஆலை மேலாளர் அம்மா அதை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார்.

"எல்லாமே இவங்கதான்னு சொல்றீங்க. பேரையே காணோமே சார்?"

தலைவர் கரியக்காவைப் பார்த்தார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, பதிலைக் கேட்க ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.