அஞ்செட்டி பஸ்ஸின் இருபது நிமிடம்

1997-இல் ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். உற்பத்தி, ஸ்டோர்ஸ், பணியாளர் விவரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் பெரிய சிஸ்டத்தை அப்போதுதான் நிறுவியிருந்தார்கள். கேட்டில் தொழிலாளர்கள் அட்டை போடும் கடிகாரத்தை அதனுடன் இணைப்பது என் பொறுப்பு.

அதற்கு நான் எழுதிய புரோகிராமை யாரும் இயக்க வேண்டாம், திரையும் கிடையாது. பின்னணியில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். கால் மணிக்கு ஒருமுறை கடிகாரத்தில் பதிவான நேரங்களை எடுத்துப் பெரிய சிஸ்டத்தில் சேர்த்துவிடும். அதுவரை டைம் ஆபீஸ் கிளார்க் ஒருவர்தான் அவற்றைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தார்.

எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம். சோதிக்க வேண்டியவை என்று முப்பத்தொரு வரி எழுதியிருந்தேன். அதில் ஒன்று, கிளார்க் ஏற்றிய நேரத்தையும் புரோகிராம் ஏற்றியதையும் ஒப்பிடுவது. ஏழு பேருக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை. கடிகாரம் எட்டே கால் என்றது. அவர் எட்டு என்று போட்டிருந்தார். ‘கிளார்க்கின் பிழை’ என்று பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

மூன்று மாதம் சிக்கலின்றி ஓடியது. பிறகு, தற்காலிகத் தொழிலாளர்களில் யாரை நிரந்தரமாக்கலாம் என்ற பட்டியலை சிஸ்டமே தயாரித்தது. அது நோட்டீஸ் போர்டுக்கு வந்த அன்று, அசெம்பிளியில் வேலை செய்யும் ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். வருகை போதவில்லை என்று தன் பெயரை விட்டுவிட்டார்களாம்.

“ஒரு நாள் லீவு போடல மேடம். அஞ்செட்டியில இருந்து காலையில ஒரே பஸ்ஸு. அது வர்றப்பதானே நானும் வர முடியும்?”

மூன்று தாமதம் சேர்ந்தால் அரை நாள் விடுப்பு என்பது விதி. புரோகிராம் தினமும் அவருக்குத் தாமதம் ஏற்றியிருந்தது. டைம் ஆபீஸுக்கு ஓடினேன். கிளார்க் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அஞ்செட்டி பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் உண்டுன்னு கேட்டுல படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும்மா. நீங்க கேக்கவே இல்லையே.”

அந்த பஸ்ஸில் வரும் ஏழு தற்காலிகத் தொழிலாளர்களுக்கும் அவர் எட்டு என்றே போட்டுவந்த இந்தச் சலுகை எந்த ஆணையிலும் இல்லை. தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து நடந்துவருகிறது, அவ்வளவுதான்.

பணியாளர் பிரிவு அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

“இல்ல சார். கடிகாரத்துல இருந்ததைத்தான் அது காட்டுச்சு. வித்தியாசம் முன்னாடியே என் கண்ணுல பட்டுது. விசாரிக்காம விட்டது நான்தான்.”

அவர் திட்டவில்லை. பஸ் சலுகையை எழுத்தில் கொடுத்தார். புரோகிராமை மாற்றி, மூன்று மாதப் பதிவுகளையும் திருத்தி முடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. அதற்குள் அந்த மாத நிரந்தரப் பணி ஆணைகள் போய்விட்டன. ஏழு பேருக்கும் அடுத்த மாதம்தான் கிடைத்தது. அதனால் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் பணிமூப்பில் அவருக்கு மேலே போய்விட்டார்கள்.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேன்டீனில் பார்த்தால் சிரிப்பார். என்னால் திருத்த முடிந்தது புரோகிராமை மட்டும்தான். அவர் இழந்த அந்த ஒரு மாதம் இன்றும் என் கணக்கில்தான் இருக்கிறது.