தலைமன்னார் வரைக்கும் போனோம்

இது அம்பதுகளில் நடந்தது. அப்போது நான் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலையாக இருந்தேன். ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம்.

கடையில் எனக்கு ஒரு கூட்டாளி. ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரன், முஸ்லிம். இரண்டு பேரும் ஒரே அறையில் பாய் போட்டுப் படுப்போம். அவன் நோன்பு பிடிக்கும் மாசம் நான் டீயை வெளியே போய்க் குடித்துவிட்டு வருவேன். எங்களோடு சேர்ந்த இன்னொருவன் சிங்களவன். எதிர்ச்சாரியில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கொட்டகை வைத்திருந்தான். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்கியதும் அவன்தான்.

ஒரு மழைக்காலம். காலையில் கடை திறக்கும்போது கூட்டாளிக்குத் தந்தி வந்தது. சாச்சா, அதாவது அவன் சித்தப்பா பேரில் வந்திருந்தது. வாப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்படு என்று இருந்தது.

உடனே புறப்படுவது அந்தக் காலத்தில் லேசான காரியம் இல்லை. எங்களுக்கெல்லாம் தற்காலிக விசா. ஊருக்குப் போகிறவன் திரும்பி வர அனுமதி எழுதிப் போட்டு, வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏற வேண்டும். அதற்கு மாசக்கணக்கில் ஆகும். வாங்காமல் போனால் போனதுதான். மறுபடி இலங்கைக்குள் காலை வைக்க முடியாது. அவனுக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள், கலியாணம் ஆகவில்லை. அவன் அனுப்புகிறதில்தான் வீட்டில் உலை கொதித்தது.

"பொழப்பு போனாப் போகட்டும்டா. வாப்பா முகத்தைப் பாக்கணும்" என்றான்.

ஸ்டேஷனுக்குப் போனோம். வெள்ளத்தில் பாதை அரித்துக் கிடக்கிறது, தலைமன்னாருக்கு ரயில் கிடையாது, கப்பல் மட்டும் ஓடுகிறது என்றார்கள். திரும்பி வந்து கொட்டகை வாசலில் நின்றோம். சிங்களவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ரயில் இல்லாட்டி என்ன மச்சான்? ரோட்டு இருக்குதானே?"

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள்கள் இரண்டு அவனிடம் இருந்தன. ஒன்றில் அவனும் கூட்டாளியும். இன்னொன்றில் நானும் பெட்ரோல் டின்னும் துணிப்பையும்.

"இவனுக்குப் பின்னால யாரும் உக்காரவேணாம். மாடே இவனைக் கண்டா ஒதுங்கி நிக்கும்" என்றான் சிங்களவன். கூட்டாளி சிரித்தான். அந்தப் பயணத்தில் அவன் சிரித்தது அது ஒன்றுதான்.

மழையிலேயே போனோம். புத்தளத்துக்கு முன்னால் ஒரு ஆறு ரோட்டுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. நான் கம்பை ஊன்றி இறங்கிப் பார்த்தேன். நடுவில் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. வண்டி போகாது. அக்கரைக்குப் போக வழி தெரியாமல் பிற்பகல் வரைக்கும் நின்றோம்.

ஊர்க்காரர்கள் சிலர் வந்து பார்த்தார்கள். எல்லாம் சிங்கள ஆட்கள். நம் பேச்சு அவர்களுக்கு விளங்காது. சிங்களவன் போய் அவர்களிடம் என்னவோ சொன்னான். அவர்கள் கூட்டாளியை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு மூங்கில் வெட்டி வந்து, வண்டிகளை ஒவ்வொன்றாகக் கயிற்றால் கட்டி, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேராகத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். நெஞ்சளவு தண்ணீரில் மெதுவாக நடந்து போனார்கள். அப்படித் தூக்கிப் போவதைப் பார்க்கும்போது வேறு ஒன்று ஞாபகம் வரும். கூட்டாளி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்கரையில் ஒரு அம்மா சூடாகத் தேத்தண்ணியும் கருப்பட்டியும் கொடுத்தார். கூட்டாளி கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அவர் அதை வாங்கி அவன் வாயில் வைத்துவிட்டார்.

ராத்திரி அனுராதபுரத்தில் ஒரு கடை வாசலில் ஒண்டினோம். விடிந்ததும் கிளம்பினோம். மன்னார் பாலத்துக்கு முன்னால் பட்டாளக்காரர்கள் மறித்தார்கள். அந்தப் பக்கம் கள்ளத்தோணியில் வந்து இறங்குகிறவர்களைப் பிடிக்க அவர்கள் எப்போதும் நிற்பார்கள். எங்கள் இரண்டு பேர் முகத்தைப் பார்த்ததுமே துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். சிங்களவன் சத்தம் போட்டுப் பேசினான். அவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். வழி விட்டார்கள்.

"என்ன சொன்னே?" என்று பிறகு கேட்டேன்.

"கள்ளத்தோணியில வாறவனைத்தானே பிடிப்பீங்க, இவன் போறவன். விடுங்கன்னு சொன்னேன்."

தலைமன்னாரில் போய் நின்றபோது பிற்பகல். கப்பல் காலையிலேயே போயிருந்தது. அது தனுஷ்கோடியில் ஆளை இறக்கி, அங்கிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வரும். மறுநாள் காலையில் திரும்பப் போகும். ஒரு ராத்திரிதானே என்று துறையிலேயே உட்கார்ந்தோம்.

கப்பல் வந்தது. இறங்கினவர்களில் ஒருவர் கூட்டாளியின் ஊர்க்காரர். தெற்கே காலி என்கிற ஊரில் கடை வைத்திருப்பவர். அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, நீ இங்கன நிக்கிறே?"

"வாப்பாவப் பாக்கப் போறேன் மாமா. காலைக் கப்பலுக்கு."

அவர் பையைக் கீழே வைத்தார். தொப்பியைச் சரிசெய்தார். அவனே கேட்டான்.

"மௌத்தாயிட்டாகளா?"

"நேத்து. பொழுது சாய, அசருக்குப் பொறவு அடக்கினோம். நானும் மூணு பிடி மண்ணு போட்டேன்பா."

கூட்டாளி என் பக்கம் திரும்பினான். "அசருக்குன்னா நாம ஆத்துல நின்னோமே, அந்நேரம்" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

அந்த ஊர்க்காரர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "உனக்குச் சொல்லவே கூடாதுன்னுட்டாக உங்க வாப்பா. வந்தா விசா போயிரும், புள்ள பொழப்பு போயிரும்னு கடைசிவரைக்கும் அதே பேச்சுத்தான். உன் சாச்சா கேக்காமத் தந்தி அடிச்சிட்டாரு."

துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை முடிந்ததும் அந்த ஊர்க்காரர் எழுந்து விஷயத்தைச் சொன்னார். யாரும் கலையவில்லை. மறுபடி வரிசையாக நின்றார்கள். தூரத்தில் இறந்தவருக்காக அப்படித் தொழுவது அவர்கள் வழக்கமாம். முன்னால் மையித்து என்கிற உடல் இல்லை. குனியவில்லை, மண்டியிடவில்லை, நின்றபடியே தொழுதார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கப்பல் வேலைக்காரர்கள், மீன் பிடிக்கிறவர்கள், அன்றைக்கு இறங்கின பயணிகள். அந்த வாப்பாவை அவர்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணால் பார்த்ததில்லை.

நானும் சிங்களவனும் வண்டிக்குப் பக்கத்தில் வெளியே நின்றோம்.

"இவ்வளவு பேரும் இவனுக்குச் சொந்தமா?" என்று கேட்டான்.

"யாருமில்ல" என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

காலையில் கூட்டாளி துணிப்பையோடு வரிசையில் போய் நின்றான்.  போகவா வேண்டாமா என்று என்னிடம் கேட்டுவிடுவானோ என்று ராத்திரி முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி யாழ்ப்பாணத்துத் தமிழர். புத்தகத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, திரும்பி வர அனுமதி இல்லையே. நான் இதில முத்திரை குத்தினால் பிறகு வரேலாது. விளங்குதோ?"

"விளங்குது."

"ஆருக்குச் சுகமில்லை?"

"வாப்பாவுக்கு. மௌத்தாயிட்டாக."

அதிகாரி முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். "அப்பிடி ஓரமா நில்லும். எல்லாரும் போகட்டும். உம்மைக் கடைசியாக் கூப்பிடுறன்" என்றார்.

ஓரமாக நின்றான். சனங்கள் ஒவ்வொருவராகக் கப்பலுக்குப் போனார்கள். அவன் கப்பலையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசை தீர்ந்ததும் அதிகாரி கூப்பிட்டார். இவன் போய்க் கையை நீட்டினான்.

"குடுங்க ஐயா. நான் போகல."

அவர் புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

கப்பல் கிளம்பும்போது அவன் துணிப்பையை என் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். வந்த வழியே கொழும்புக்குத் திரும்பினோம். மறுநாள் கடையில் துணி அளந்து கிழித்தான். முதலாளி ரெண்டு நாள் ஓய்வெடு என்றார். வேண்டாம் என்றுவிட்டான்.

அடுத்த வருசம் என் விசா முடிந்து நான் ஊருக்கு வந்துவிட்டேன். உம்மாவுக்கும் தங்கச்சிகளுக்கும் அவன் கொடுத்த சேலைகளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவனைப் பெற்ற அந்தம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். தலைமன்னாரில் நடந்ததை எல்லாம் கேட்டார். சொன்னேன். அந்த ஊர்க்காரர் சொன்னதையும் சொன்னேன். 

"தந்தி சாச்சா அடிச்சதில்ல தம்பி. நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார். "அவுக வரவேணாம்னுதான் சொன்னாக. ஆனா வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், தலையைத் தூக்கித் தூக்கிப் பாத்தாக. எனக்குப் பொறுக்கல."

நான் இதைக் கூட்டாளிக்கு எழுதவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது? அந்தம்மா அவனிடம் சொன்னாரா, அதுவும் எனக்குத் தெரியாது.

எதற்காக அவன் துறையிலிருந்து திரும்பினானோ அந்த விசாவை அதற்கு மறு வருசம் புதுப்பிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். தகரப் பெட்டியோடு தனுஷ்கோடியில் வந்து இறங்கினான். நான்தான் போய்க் கூட்டி வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நேரே கபரஸ்தானுக்கு, வாப்பாவை அடக்கின இடத்துக்குப் போனான். வெகு நேரம் கழித்து வந்தான். முழங்கால் இரண்டும் மண்ணாக இருந்தது.

எங்கள் அய்யா அறுபதுகளில் காலமானார். நான் வயலிலிருந்து ஓடி வந்தேன். உயிர் இருந்தது. என்னைப் பார்த்தார். வாயில் பால் ஊற்றினேன், பாதி உள்ளே போனது. வீட்டில் எல்லோரும் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை. பெற்ற தகப்பன் பக்கத்தில் போய் உட்கார நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லையே என்பதுதான் அந்நேரம் மனசில் ஓடியது, இன்றைக்கும் அய்யாவை நினைத்தால் முதலில் அதுதான் வருகிறது.