மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி

அப்பா மின்சார ரயில் ஓட்டியவர். வேலைக்காலம் முழுக்கத் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே போய்வந்தவர். ரயில் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. அவர் வீட்டுக்குள் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவை ஏதாவது லாரி மறித்து நின்றால் ஆட்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டை போடாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து ஒரு சத்தம் போடுவார். வண்டி நகர்ந்துவிடும். கனமான தோள்கள், மார்பு நிறைய முடி, கோபமும் அதற்கேற்ற அளவு. அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பள்ளியில் பேசிய பேச்சே போதும் என்பதுபோல வீட்டில் அவள் அதிகம் பேசமாட்டாள்.

அப்பா ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் கழித்து அவருக்குச் சிறுநீர் போவதில் சிரமம் வந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் எனக்குப் போன் செய்தாள். நான் அவர்களுக்கு ஒரே மகள். மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீடு, ஓ.எம்.ஆரில் வேலை. லீவு போட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சதையைக் கிள்ளி எடுத்துப் பார்ப்பது எல்லாம் முடிந்து, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். அடிவயிற்றில் பக்கத்து நிணநீர் முடிச்சுகள் வரை பரவியிருந்தது.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். மேஜையில் ஒரு படம் வரைந்து அப்பாவிடம் விளக்கினார்.

“இந்தக் கட்டி வளர்றதுக்கு டெஸ்டோஸ்டிரோன் வேணும் சார். ஆம்பளைங்க உடம்புல ஊறுற ஹார்மோன். அதை நிறுத்திட்டோம்னா கட்டி பட்டினி கிடக்கும், சுருங்கிடும். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டா போதும்.”

“அத்த நிறுத்திட்டா எனக்கு இன்னா ஆவும்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

“பாப்பா, நீ கொஞ்சம் வெளிய இரும்மா.”

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் நினைத்ததையெல்லாம் போனில் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. “ஊசிதானே, போட்டுக்கலாம்” என்றார். வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஊசி அது. அன்றே போட்டுக்கொண்டார்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் பரிசோதனை முடிந்து அவரை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேடவாக்கம் வரும் வழியில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். அப்பா திடீரென்று சீட்டில் நெளிந்தார். கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துவிட்டது. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே முகம் முழுக்க வியர்வை கொட்டியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“நெஞ்சு வலிக்குதாப்பா?”

“இல்ல. உள்ளார அடுப்பு வச்ச மாதிரி கீது. நீ வண்டிய பாத்து ஓட்டு.”

சில நிமிஷத்தில் அது அடங்கியது. அப்புறம் குளிரில் நடுங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது ஒரு நாளில் பலமுறை வந்தது. தோள்கள் வற்றின. அரிசி மூட்டையை ஒரு கையால் இழுத்து வைப்பவர், கேஸ் சிலிண்டரை உருட்டவே ஆள் தேடினார். வயிறு மட்டும் பெருத்தது. மார்பு முடி உதிர்ந்து, மார்பு லேசாக வீங்கித் தொட்டால் வலிக்கும்படி ஆனது. வாசலுக்குச் சட்டையில்லாமல் வருவதை நிறுத்திவிட்டார். வெயில் காலத்தில்கூட பனியன், அதன் மேல் சட்டை, கழுத்து வரை பொத்தான். தெருவில் வண்டி நின்றால் யாராவது வந்து கூப்பிடுவார்கள். உள்ளிருந்து அம்மாதான் “அவர் தூங்குறார்” என்று சொல்லி அனுப்புவாள்.

எனக்கு அதிகம் தாங்க முடியாமல் இருந்தது அவர் அழுததுதான். அதுவரை அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. தன் அம்மா இறந்தபோதுகூட எல்லா வேலையையும் நின்று செய்தவர். இப்போது டி.வி.யில் ஒரு சிறுமி பாட்டுப் போட்டியில் தோற்றுப் போய் மேடையிலிருந்து இறங்கினால் அவருக்குக் கண் நிறைந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுவார். குழாய் ஓடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு அந்தச் சூடு வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு, “பேஜாரா கீதுடி, இன்னாத்துக்கு இப்டி உசுரோட இருக்கணும்” என்றார். அம்மா எழுந்து போய் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து அவர் பிடரியில் வைத்தாள். மின்விசிறியைக் கூட்டிவிட்டு, அவர் கைகளை எடுத்து மணிக்கட்டில் குளிர்ந்த தண்ணீர் சொம்பை ஒற்றினாள். எல்லாம் ஏற்கெனவே செய்து பழகியதுபோல இருந்தது.

“கொஞ்சம் பொறுங்க, இப்ப போயிடும். சாயங்காலம் சூடா காபி குடிக்காதீங்க. காரத்தைக் குறைச்சுக்குங்க. பருத்தித் துணியா போட்டுக்குங்க.”

“உனக்கு எப்டித் தெரியும்?”

“எனக்கு வரலையா? தீட்டு நின்னப்ப மூணு வருஷம் வந்துச்சு. கிளாஸ்ல பசங்க முன்னாடி நின்னு வேர்த்துக் கொட்டும். வீட்டுக்கு வந்தா அடுப்பு முன்னாடி.”

அப்பா ஈரத் துண்டோடு அவளை நிமிர்ந்து பார்த்தார். “சொல்லவே இல்லையே.”

“சொன்னேங்க. ஃபேனைக் கொஞ்சம் கூட்டுங்கன்னு சொன்னேன். குளிருதுன்னு சொல்லி நீங்க நிறுத்திட்டுப் படுத்துட்டீங்க.”

அம்மா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கதை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, தள்ளி வைத்த தட்டில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். அன்றைக்கும் அழுதார், ஆனால் எழுந்து போகவில்லை.

அதன் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்தே அதைச் சமாளித்தார்கள். எலும்பு தேயும் என்று டாக்டர் சொன்னதால் கால்சியம் மாத்திரை. சூடு அதிகமானால் அதற்கும் ஒரு மாத்திரை. தசை வற்றாமல் இருக்கக் கனம் தூக்க வேண்டும் என்றார்கள். அப்பா வெளியில் ஜிம்முக்குப் போக மறுத்துவிட்டார். அம்மா இரண்டு பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரில் எடுத்ததுபோல அவள் எண்ணுவாள், அவர் கூடத்தில் நின்றுகொண்டு தூக்கி இறக்குவார். விடிந்ததும் இருவரும் நடக்கப் போவார்கள். முன்பெல்லாம் அவர் எங்கே போனாலும் அவருக்கு ரொம்பப் பின்னால்தான் அம்மா வருவாள். இப்போது அவளுடைய வேகத்துக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

அப்பாவுக்கு ஒரே ஒரு நண்பர். அதே ரயில்களில் கார்டாக இருந்தவர். வேலைக்காலத்தில் அப்பா வண்டியின் ஒரு முனையிலும் அவர் மறுமுனையிலும் இருந்தார்கள், வண்டி நின்ற பிறகுதான் பேச்சு. அவர் ஒரு நாள் வந்தார். அப்பாவுக்கு என்ன வியாதி என்று அவருக்குத் தெரியும், ஆனால் முழு விவரம் தெரியாது.

“மச்சான், எனக்கும் இப்டித்தான் இருந்துச்சு. சுகர் வந்ததுல இருந்து ஒரே அசதி. எந்திரிக்கவே மனசு வராது. எதுலயும் ஆசை இல்ல. டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு அந்த ஹார்மோன் கம்மியா கீதுன்னார். ரெண்டு தபா காலைல ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. இப்ப தோள்ல தடவுற ஜெல் குடுத்துகிறாங்க. ஆள் மாறிட்டேன் பாரு.”

சட்டைப்பையிலிருந்து சிறு பாக்கெட்டுகளை எடுத்து அப்பா கையில் வைத்தார். “நாலு நாளு தடவிப் பாரு. ஒண்ணும் ஆவாது.”

அவர் போன பிறகு அப்பா அந்தப் பாக்கெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷாம்பு பாக்கெட் அளவுதான். நான் சாயங்காலம் போனபோது என்னிடம் நீட்டினார்.

“இத்த போட்டா எனக்கு இன்னா ஆவும் பாப்பா?”

“உங்களுக்குத் தெம்பு வரும்ப்பா. ஆனா கட்டியும் அதைத் தின்னு வளரும்.”

அவருக்கு அது தெரியாமல் இல்லை. யாராவது வேறு மாதிரி சொல்ல மாட்டார்களா என்றுதான் கேட்டிருக்கிறார். மறுநாள் நண்பரின் வீட்டுக்கு நடந்தே போய் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். விவரம் தெரிந்ததும் அந்த மனிதர் உடைந்துபோனாராம். “உன்னிய கொல்லப் பாத்தேனே மச்சான்” என்று சொல்லி அழுதாராம். அப்பாதான் அவரைத் தேற்றிவிட்டு வந்திருக்கிறார்.

ஒரு வருஷத்துக்கும் மேல் அப்படிப் போனது. ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று வந்தது. ஊசிக்குக் கொஞ்ச காலம் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மறுபடி ஏறினால் ஆரம்பித்துக்கொள்ளலாம். உடனே எதுவும் மாறவில்லை. மெல்ல மெல்ல வியர்ப்பது குறைந்தது. தினமும் சவரம் செய்ய வேண்டியதாயிற்று. தோளில் கொஞ்சம் சதை போட்டது. நண்பரும் அப்பாவும் அம்மாவும் ஒரு சனிக்கிழமை ரயிலேறிச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் மலையைச் சுற்றிவிட்டு வந்தார்கள். எனக்குப் புளியோதரை கொண்டுவந்தார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை நான் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அப்பா கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் கேன் போடுபவர் இரண்டு நாளாக வரவில்லை, அதற்காகப் போனில் அவரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்கக் கேட்டது. அம்மா சமையலறையில் காய் நறுக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். “பாரு, வந்துட்டாரு” என்றாள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நோயின் அளவு ஏற ஆரம்பித்தது. ஒன்றுக்கு இரண்டு முறை பரிசோதித்துப் பார்த்தார்கள். ஊசி வேண்டும் என்றார் டாக்டர். அப்பா உடனே சம்மதிக்கவில்லை. “வூட்ல கேட்டுச் சொல்றேன்” என்றார். எனக்குத் தெரிந்து அவர் எதற்கும் அம்மாவைக் கேட்டதில்லை. அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா போன் செய்து, “கூட்டிக்கினு போம்மா, போட்டுக்கிறேன்னு சொல்றாரு” என்றாள். அவளுக்கும் அவருடைய பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை உடம்பு தாங்கவில்லை. சீக்கிரம் தளர்ந்தார். பேச்சை நடுவில் விட்டுவிட்டுச் சொல்லைத் தேடினார். தண்ணீர் பாட்டில்களைத் தூக்கவே மாட்டேன் என்றார், பிறகு அம்மாவுக்காகத் தூக்கினார். ஒரு காலை, குளித்துவிட்டு வெளியே வரும்போது குளியலறை வாசலிலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். பலமாக விழக்கூட இல்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எலும்பு உள்ளே பொரிபோல ஆகிவிட்டிருக்கிறது என்றார் அறுவை செய்தவர்.

அறுவை நன்றாகத்தான் நடந்தது. படுக்கையில் கிடந்ததில் நுரையீரலில் சளி கட்டியது. அம்மா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும் நேரத்தில் நான் அவரோடு இருப்பேன். ஒரு நாள், “மூஞ்சி அரிக்குது, செரச்சு வுடு” என்றார். அவர் முகத்தை நான் அதுவரை தொட்டதில்லை. சோப்பு நுரையைத் தடவி, பயந்து பயந்து பிளேடை இழுத்தேன். கன்னத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நரை முடிகள் மட்டும். தோல் குழந்தையுடையதுபோல வழவழவென்று இருந்தது.

“வேலையே இல்ல பாரு உனக்கு” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

அந்த வாரமே போய்விட்டார். துக்கம் கேட்க வந்த டாக்டர் என்னைத் தனியே அழைத்து, கட்டி கடைசிவரை அடங்கியேதான் இருந்தது என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். கார்டு நண்பர் பாடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, யார் மாற்ற வந்தும் விடாமல் மயானம் வரை நடந்தார்.

இப்போது அம்மா என்னோடு மேடவாக்கத்தில் இருக்கிறாள். அந்த இரண்டாவது ஊசி வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாமோ என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

“அதுல கெடைச்ச நாளும் நாளுதான். கல்யாணமான நாள்லேருந்து பேசாததெல்லாம் அப்பதான் என்கிட்ட பேசினாரு. ராத்திரி வேர்த்தா எழுப்பி, உனக்கும் இப்படித்தான் இருந்துச்சான்னு கேப்பாரு. அந்த மனுஷனும் எனக்கு வேணும்தான்.”

அவளுக்கு அவர் அப்படிக் கிடைத்தார். எனக்கு வாசலில் நின்று கத்தும் அப்பாதான் வேண்டியிருந்தது. கீழே தெருவில் லாரிக்காரனோடு யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.