ஊரில் இல்லாத இனிஷியல்

என் சித்திக்கு ஊர் வைத்த பெயர் மோட்டார். கிணற்று மோட்டார் நின்றுபோனால் மெக்கானிக்கைத் தேட மாட்டார். தானே கழற்றிப் பூட்டிவிடுவார். சித்தப்பா இறந்த பிறகு அவருடைய ஒரு ஏக்கரையும், தாத்தா எழுதிவைத்த முக்கால் ஏக்கரையும் தனி ஆளாகப் பார்க்கிறார். அவர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

அன்று வேளாண் அலுவலகச் சுவரில் உர மானியம் வாங்கியவர்களின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். யாரும் பார்க்கலாம், மாலை ஐந்து மணிக்குள் ஆட்சேபம் சொல்லலாம். சித்தியின் பெயர் எங்கள் ஊரில் பலருக்கு உண்டு. இனிஷியலை வைத்துத்தான் ஆளைப் பிரிப்போம். பட்டியலில் அந்தப் பெயர் ஏழு இடத்தில் இருந்தது. ஆறு பேரை எல்லோருக்கும் தெரியும். சித்தி 'க.', அது சித்தப்பாவின் எழுத்து. ஏழாவது 'வே.'

"வே.ன்னு நம்ம ஊர்ல யாருப்பா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஆவி வந்து வாங்கிட்டுப் போயிருக்கும்."

"ஆவிக்கு எதுக்குய்யா உரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். டிராக்டர்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மனு இரண்டு முறை தள்ளுபடியாகியிருந்தது. "ஆவியாவது ஒண்ணாவது! இந்த கிளார்க்தான் பொய்ப் பேர் போட்டு அமுக்கிட்டான்."

கிளார்க் நாற்காலியை விட்டு எழுந்தான். "அண்ணே, பத்திரத்துல இருந்த மாதிரிதான் டைப் பண்ணேன். இருநூறு மனு, யார் முகம் ஞாபகம் இருக்கும்?"

மனுக்கள் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டன. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால். "அஞ்சுக்குள்ள ஆளைக் காட்டு. இல்லேன்னா சஸ்பெண்ட், போலீஸ் எல்லாம் வரும்."

சித்தி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'வே.' தாத்தாவின் எழுத்து. அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. அம்மாவும் சித்தியும் கல்யாணமானதும் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். தாத்தா நிலத்தின் பத்திரம் மட்டும் மாறவில்லை. நிலத்துக்கு ஒரு மனு என்று நினைத்துச் சித்தி இரண்டு போட்டிருக்கிறார். பட்டியலின் அடியில் 'ஒருவருக்கு ஒரு முறை மட்டும்' என்று இருந்ததை அன்றுதான் படித்தார்.

"வாங்க சித்தி, போயிடலாம். யாருக்கும் தெரியாது," என்றேன் மெதுவாக.

"தெரியாதுடி. அதான் பயமா இருக்கு, பழி அந்தப் பையன் மேலதானே விழும்."

டிராக்டர்காரர் கிளார்க்கின் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டது.

"சட்டைய விடுங்க," என்றார் சித்தி. "அந்த வே. நான்தான்."

"நீ க. இல்ல?" என்றார் டிராக்டர்காரர்.

"பொறக்கும்போதே புருஷன் எழுத்தோடயா பொறந்தேன்?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்போ ரெண்டு தடவ வாங்கியிருக்க! திருடி!"

சித்தி அவர் பக்கம் திரும்பினார். "வாங்கினேன். தெரியாம வாங்கினேன். ஒண்ணத் திருப்பிக் கட்டிடறேன், இத்தன பேர் முன்னாடி சொல்றேன்."

அதிகாரி சிவப்புப் பேனாவைத் திறந்தார். "எந்தப் பேரை அடிக்கறதும்மா?"

ஒப்புக்கொள்ள யோசித்ததைவிட இதற்குத்தான் சித்தி அதிக நேரம் யோசித்தார். பெரிய நிலம் சித்தப்பாவுடையது; வே. சித்தி பிறந்தபோதே வந்த எழுத்து.

"வே.ய அடிங்க சார். கோடு மட்டும் போடுங்க. எழுத்து தெரியட்டும்."

பொத்தான் இல்லாத சட்டையோடு கிளார்க் மேசையில் ஸ்கேலைத் தேடினான்.