பதினொரு லட்சத்துக்கு ஆள் இல்லை

முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போட்டு விற்கும் அற்புதம் அக்காவுக்கு இன்னொரு கெட்டித்தனமும் இருந்தது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பெடியளுக்கு வங்கியில் காசு காட்டிக் கொடுப்பா. பத்து வீட்டில் கைமாற்று வாங்கி, பெடியனின் புத்தகத்தில் போட்டு, விசா கிடைத்ததும் அவரவர் காசைத் திருப்பிக் கொடுப்பா. அப்படிப் போன ஐந்து பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. ஊரில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

ஆகவே, மகள் எமில்டாவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்து, மாதாமாதம் பணம் கொடுக்கும் ஒரு கல்வி நிதியம் நேர்முகத்துக்கு வங்கிப் புத்தகத்தோடு வரச் சொன்னபோது, அற்புதம் பதறவில்லை. எமில்டாவின் கணக்கில் அறுநூற்று நாற்பது ரூபா இருந்தது. மூன்றே நாளில் அதற்கு மேல் பதினொரு லட்சம் ஏறியது.

"வேண்டாம் அம்மா. இது விசா இல்லை," என்றாள் எமில்டா.

"வெறும் புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டி என்னை அவமானப்படுத்தப் போறியோ?"

புதுக்குடியிருப்பில் நேர்முகம் நடத்தியவர் பத்மாசனி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இவ்வளவு காசு கிடக்கு. பிறகேன் எங்களிட்ட வந்தனீங்கள்?"

"இல்லாத ஆக்களெண்டு நீங்கள் நினைக்கக் கூடாதெல்லே, ரீச்சர்."

"நாங்கள் தேடுறதே இல்லாத ஆக்களைத்தானம்மா."

"லண்டன்காரர் இருக்கிற ஆக்களையெல்லோ தேடுறவை?"

பத்மாசனி சிரிப்பை அடக்கிக்கொண்டு விதியைச் சொன்னார். தாய் தகப்பன் பேரில் காசு கிடந்தால் அதில் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பிள்ளையின் பேரில் கிடந்தால் முழுவதும் படிப்புக்கென்று வைத்த காசு. இரவல் காசென்றால் உரியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரவேண்டும். அதுவரை ஒரு சதமும் எடுக்கக் கூடாது, எடுத்தால் ஒளித்ததாகிவிடும்.

கடிதம் இல்லாவிட்டால் உதவி இல்லை. உதவி இல்லாவிட்டால் எமில்டா பல்கலைக்கழகம் போவதற்கு வேறு வழியும் இல்லை.

காசு தந்தவர்கள் ஒன்பது பேர். அற்புதம் முதலில் அனிஸ்ரனிடம் போனா.

"ஐயோ அக்கா, ஒன்றரை லட்சம் என்ரையெண்டு எழுத்தில போனா அரசாங்கம் தாற அஸ்வெசும காசை வெட்டிப்போடுவாங்கள்."

"அப்ப அது உன்ர காசில்லையோ?"

"என்ர காசுதான். ஆனா என்ர இல்லை."

மற்ற ஏழு வீட்டிலும் இதே கதைதான். அரசாங்கக் கொடுப்பனவுக்கு அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒன்றும் இல்லாதவர்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் தங்கள் காசு கிடக்கும் பிள்ளையில் ஊரே கண்ணாக இருந்தது. "பிள்ளை, சைக்கிளை ஓரமா ஓடு" என்று ஒருவர் பின்னாலேயே வந்தார். அவள் இரண்டு தரம் தும்மியதற்கு மூன்று வீட்டிலிருந்து கொத்தமல்லி அவித்து வந்தது.

மிஞ்சியவர் வின்சன் சம்மாட்டி. நான்கு படகுக்குச் சொந்தக்காரர், அரசாங்க உதவி எதுவும் எடுக்காதவர். அவர் தந்தது இரண்டு லட்சம். வியாழன் பின்னேரம் அற்புதம் அவர் முன்னால் தாளை வைத்தா.

"இரண்டு லட்சமோ?" வின்சன் முகத்தைச் சுளித்தார். "எழுத்தில பார்க்க ஒரு மாதிரிக் கிடக்கு. மிச்சம் ஆரின்ர காசு?"

"ஒருத்தரும் தங்கடையெண்டு சொல்லீனமில்லை."

"அப்ப முழுக்க என்ர பேரில எழுது. பதினொண்டெண்டா வடிவு."

மறுநாள் அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு தானே வந்தார். பத்மாசனி கடிதத்தை வாசித்துவிட்டு அற்புதத்தைப் பார்த்தார்.

"இது உண்மையோ?"

பக்கத்தில் எமில்டா நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். 'ஓம்' என்றால் பொய். 'இல்லை' என்றால் பிள்ளை வீட்டில்.

"பிள்ளையின்ர காசில்லையெண்டது உண்மை, ரீச்சர்."

பத்மாசனி கொஞ்ச நேரம் பேனையை உருட்டினார். பிறகு கையெழுத்திட்டார்.

காசு அன்றே வின்சனின் கணக்குக்கு மாறியது. இரவுக்கு முன் அவரவர் பங்கைக் கொடுத்துவிட்டு, கடிதத்தின் பிரதியை மட்டும் லமினேற் செய்து வைத்துக்கொண்டார்.

அன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு தாயும் மகளும் வெளியே வரும்போதே பத்மாசனி எமில்டாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "பிள்ளை, மாதக் காசைச் சேர்த்து வைக்காதை. அடுத்த வருசமும் புத்தகம் பார்ப்பம். சேர்ந்து கிடந்தா உதவி குறையும்."

பஸ் நிலையத்துக் கடைகளுக்கு முன்னால் அற்புதம் நின்றா. பதினெட்டு வருசமாக மகளை அந்தக் கடைகளைத் தாண்டிக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனவ.

"என்ன வேணும்? கேள்."

எமில்டா ஒவ்வொரு கடையாகப் பார்த்தாள். எதைக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் வந்து நின்றது.

"கெதியாச் சொல்லடி," என்று அற்புதம் கத்தினா. "ரீச்சர் என்ன சொன்னவ!"